அப்பாவின் அம்பாஸடரும் மூன்று கிலோ பெட்ரோலும்

பொங்கல் விழாவுக்கு நான் அந்தப் பழைய வெள்ளை அம்பாஸடரில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, மலர்க் குழு நண்பர் ஒருவர் விடவில்லை. "இன்னுமா ஓடுகிறது? இதைப் பற்றி நம் மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள்" என்றார். கார் ஓடுகிறது என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் எப்படி ஓட வைத்தோம், நடுவில் எப்படிக் குடும்பத்தோடு எரிந்து போகாமல் தப்பித்தோம் என்பதற்கு நாலு பக்கம் தேவைதான். எனவே ஒப்புக்கொண்டேன்.

என் அப்பா 1956-ல் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் ஹௌரா ஸ்டேஷனில் இறங்கியவர். கிளைவ் தெரு ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதி, லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் எங்களை வளர்த்து, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, 1984-ல் இந்த அம்பாஸடரை வாங்கினார். மார்க் 4 மாடல். நமக்கு ஆற்றின் அந்தக் கரையிலுள்ள உத்தரபாராவில் செய்தது. "ஊர் வண்டி" என்றுதான் அப்பா சொல்வார். கும்பகோணத்துக்காரர் எந்த ஊரை ஊர் என்கிறார் என்று அம்மா கேலி செய்வாள். போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலையும் தேதி, கிலோமீட்டருடன் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதுவார். 2009-ல் அவர் போன பிறகு நோட்டும் கார் சாவியும் என் கைக்கு வந்தன.

2011-ல் எஞ்சின் கைவிட்டது. அது 1489 சி.சி. கொண்ட பழைய பி.எம்.சி. எஞ்சின், இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சம். இரண்டு முறை போர் பண்ணியாகிவிட்டது. மூன்றாவது தடவை சூடேறியபோது பிளாக்கிலேயே விரிசல். விற்றுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்ற காரைத் தினமும் காலையில் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது எழுபத்தேழு. அதற்கு மேல் விற்பது பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊரில் மோட்டார் சாமான் என்றால் மல்லிக் பஜார். மகாபாரதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பார்களே, அந்த மாதிரி. அங்கே விபத்தில் நொறுங்கிய ஒரு பிந்தைய அம்பாஸடரின் எஞ்சின் கிடைத்தது. இசூசு, 1817 சி.சி., பெட்ரோல், எம்.பி.எஃப்.ஐ. ரகம். கார்புரேட்டர் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கியர்பாக்ஸ், ஒயரிங், பெட்டி எல்லாம் சேர்த்து, முறையான ரசீது, பழைய வண்டியின் காகிதங்களின் நகல் சகிதம் வாங்கினேன். இந்தக் காகிதங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். பாட்னா பக்கத்துக்காரர். கண்ணை மூடிக்கொண்டு அம்பாஸடரைக் கழற்றி மாட்டக் கூடியவர். ஏப்ரல் 2012-ல் பத்தே நாளில் எஞ்சினைத் தொட்டில் கட்டி உட்கார வைத்துவிட்டார். சாவியைத் திருப்பியதும் தையல் மிஷின் மாதிரி ஓடியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

முதல் பிரச்சினை மே மாத வெயிலில் வந்தது. வண்டி பத்து நிமிஷம் நெரிசலில் நின்றால் பம்ப் நாய்க்குட்டி மாதிரி ஊளையிடும், பிறகு எஞ்சின் அணையும். அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடும். இரண்டாவது, வித்யாசாகர் சேதுவில். ஹேஸ்டிங்ஸ் பக்கம் பாலத்துக்கு ஏறும் வளைவுப் பாதை நமக்கெல்லாம் தெரியும். சுற்றிச் சுற்றி ஏறும். டேங்கில் கால் பாகம் பெட்ரோல். வளைவு பாதி ஏறியதும் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி. பின் சீட்டில் அம்மா, என் மனைவி, பத்தாவது படிக்கும் மகள். டிராஃபிக் போலீஸ்காரர்கள் இருவர் ஓடிவந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். அவர்கள் புண்ணியத்தில் அன்று பிழைத்தோம்.

மூன்றாவதுதான் பெரியது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மனைவி, "ஏங்க, பெட்ரோல் நெடி அடிக்குதே" என்றாள். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றேன். அவள் விடவில்லை. "இது அந்த நெடி இல்லை, நிறுத்துங்க!" என்று அதட்டினாள். நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்ப் அருகே கீறி, ஊசி முனை மாதிரி ஒரு பெட்ரோல் பீச்சல். விழுந்த இடம் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஒரு சாண் கூட இல்லை. சாவியை அணைத்துவிட்டு எல்லோரையும் இறக்கித் தெருவின் எதிர்ப்பக்கம் கூட்டிப் போனேன். அம்மாவின் கையைப் பிடித்திருந்தபோது நடுங்கியது என் கைதான்.

நான் சணல் ஆலை ஒன்றில் பாய்லர் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்தவன். பிரஷர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாது. உஸ்தாதை நம்பிவிட்டு, என் சொந்தத் தொழிலை வீட்டு வாசலில் மறந்துபோனேன். அது என் தப்பு.

விஷயம் இதுதான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கிட்டத்தட்டக் குழாயடித் தண்ணீர் மாதிரி. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன மெக்கானிகல் பம்ப் அதைக் கால் கிலோ பிரஷரில் தள்ளினால் போதும். மிதவை அறை நிரம்பியதும் நின்றுவிடும். இன்ஜெக்டருக்கு அப்படியல்ல. ஊசித் துவாரத்தின் வழியே பெட்ரோலைப் புகையாகத் தூவ வேண்டுமென்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ அழுத்தம் வேண்டும். பன்னிரண்டு மடங்கு! பழைய ஹோஸ், பழைய கிளாம்ப், பழைய பழக்கம் எதுவும் இங்கே செல்லாது. கால் கிலோவில் கசிந்தால் சொட்டும். மூன்று கிலோவில் கசிந்தால் பீச்சும்.

இன்னொன்று, கார்புரேட்டர் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மிதவை அறையில் ஒரு வாய் பெட்ரோல் எப்போதும் கையிருப்பு. வளைவில் டேங்கிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் இரண்டு விநாடி காற்றைக் குடித்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்டர் வண்டியில் அந்தக் காற்று நேரே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்ச் சேரும். சேதுவில் நடந்தது அதுதான். அப்பாவின் 1984 டேங்குக்குள் பெட்ரோல் அலையாமல் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

மே மாத ஊளைக்கும் காரணம் தெரிந்தது. உஸ்தாத் மின்சார பம்பை எளிதாகக் கைக்கு எட்டட்டும் என்று முன்னால் எஞ்சின் அறையில் மாட்டியிருந்தார். இந்த ரகப் பம்புகள் தள்ளுவதில் பீமன், உறிஞ்சுவதில் நோஞ்சான். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து எஞ்சின் சூட்டுக்கு நடுவே உறிஞ்சச் சொன்னால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப் தள்ளாது, ஊளைதான் இடும். பம்ப் டேங்குக்குப் பக்கத்தில், பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டேங்குக்கு உள்ளேயே மூழ்கியிருந்தால் இன்னும் உத்தமம். பெட்ரோலே அதைக் குளிர வைக்கும்.

அந்த எம்.பி.எஃப்.ஐ. அம்பாஸடரின் டேங்கே கிடைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். மல்லிக் பஜாரில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்த மூன்றிலும் அடிப்பக்கம் துரு தின்ற ஓட்டை. ஆகவே அப்பாவின் டேங்கையே வைத்துக்கொண்டு வேறு வழி பார்த்தோம்.

வழி இதுதான். டேங்குக்கும் பெரிய பம்புக்கும் நடுவே ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஒரு சின்ன டப்பா. ஸர்ஜ் டேங்க் என்பார்கள். ஒரு குறைந்த பிரஷர் மின்சார பம்ப் பெரிய டேங்கிலிருந்து இந்த டப்பாவை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். டப்பாவின் அடியிலிருந்து மூன்று கிலோ பம்ப் எடுத்து முன்னால் அனுப்பும். எஞ்சின் குடித்தது போக மிச்சம், ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி டப்பாவுக்கே வரும். டப்பா வழிந்தால் மேல் குழாய் வழியே பெரிய டேங்குக்குப் போய்விடும். வளைவில் சின்ன பம்ப் சில விநாடி காற்றைக் குடித்தாலும், அந்தக் காற்று டப்பாவின் மேல்பக்கமே வெளியேறிவிடும். அடியில் எப்போதும் பெட்ரோல் நிற்கும். நம் வீடுகளில் கார்ப்பரேஷன் தண்ணீர் கீழ்த் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து மாடிக்கு ஏறுவதில்லையா? அதே கதை.

எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதையும் கணக்குப் போட்டேன். (அப்பா இருந்திருந்தால் அவர்தான் போட்டிருப்பார்.) எழுபத்தைந்து குதிரைசக்தி எஞ்சின் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய பதினேழு கிலோ எடை பெட்ரோல், அதாவது இருபத்து மூன்று லிட்டர். ஆகச் சின்ன பம்ப் மணிக்கு இருபத்து மூன்று லிட்டருக்குத் தாராளமாக மேலே தந்தால் போதும். பெரிய பம்ப் எண்பது, தொண்ணூறு லிட்டர் ஓட்டினாலும் மிச்சம் டப்பாவுக்கே திரும்பிவிடுவதால் சின்னதற்குச் சுமையில்லை. இதை உஸ்தாதுக்கு விளக்க எனக்கு இரண்டு டீ ஆனது.

டப்பாவிலிருந்து வழிவதைப் பெரிய டேங்கில் விட ஒரு குழாய் வாய் வேண்டும். டேங்கில் அப்படி ஒன்று இல்லை. "டேங்கைக் காலி பண்ணி, கேஸ் வெல்டிங்கில் ஒரு நிப்பிள் ஒட்டிடறேன் தாதா. எத்தனை டேங்க் ஒட்டியிருக்கேன்!" என்றார் உஸ்தாத். எங்களுக்குள் உண்மையாகவே சண்டை வந்தது அங்கேதான். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கே பயங்கரம். திரவம் போனாலும் ஆவி போகாது. காற்றோடு கலந்த அந்த ஆவிதான் வெடிப்பது. "நீங்க ஒட்டினா நான் வண்டியை எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்து, அன்று முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். அது என் புத்தியில் உதித்திருக்க வேண்டியது. டேங்கின் மேல், பெட்ரோல் கேஜுக்கான மிதவையைத் தாங்கும் வட்டத் தகடு ஒன்று திருகுகளால் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, மிதவையையும் எடுத்துவிட்டு, தகட்டை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய் அதில் பித்தளை வாயைப் பற்றவைத்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டிவிடலாம். டேங்குக்குப் பக்கத்தில் நெருப்பே வராது. அவருக்கு அன்று நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

டேங்கை இறக்கியதும் வேறொன்று தெரிந்தது. உள்ளே துருப் பொடி, கடலைப் பருப்பு அளவில். கொஞ்சம் மண்ணெண்ணெயும் மெல்லிய இரும்புச் சங்கிலி ஒன்றையும் உள்ளே போட்டு, பட்டறைப் பையன்கள் இருவர் முறை வைத்து உலுக்கினார்கள். வடித்தபோது தேத்தண்ணீர் நிறம். பிறகு நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்தோம். சின்ன பம்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டர்; பெரிய பம்புக்குப் பின்னால், இன்ஜெக்டர் வண்டிக்கென்றே வரும் உலோக உறை போட்ட நுண் ஃபில்டர். பிளாஸ்டிக் ஃபில்டரை மூன்று கிலோ பக்கத்தில் மாட்டுவது தற்கொலைக்குச் சமம். நான் வேறு இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன், சொல்லியும் வைத்திருக்கிறேன்.

பின்னாலிருந்து முன்னால் வரை இரும்புக் குழாய், போக ஒன்று, வர ஒன்று. எக்ஸாஸ்ட் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, ஓர் அடிக்கு ஒரு கிளிப் போட்டு. எஞ்சின் அசையும் இடத்தில் மட்டும் சிறு ஹோஸ். இன்ஜெக்ஷன் பிரஷருக்கென்றே செய்தது. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருக்கும். விலை சாதாரண ஹோஸைப் போல் பல மடங்கு. குழாய் முனையை மொட்டையாக விடாமல் உதடு மாதிரிப் பிதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கி வந்துவிடும். கிளாம்பும் உருண்டை விளிம்பு உள்ள ரகம். எங்கள் ஹோஸைக் கீறியது பழைய திருகுக் கிளாம்பின் பற்கள்தான்.

டப்பாவையும் பம்புகளையும் எங்கே வைப்பது என்பதிலும் நம் ஊருக்கே உரிய தொல்லை. ஜூலையில் முழங்கால் தண்ணீரில் நீந்தாத கல்கத்தா வண்டி உண்டா? டிக்கிக்குள் வைத்தால் நனையாது. ஆனால் கசிந்தால் ஆவி நேரே சீட்டுக்கு வரும். ஆகையால் வெளியேதான்; பின் அடித்தட்டில், டேங்கை ஒட்டி, கல் அடிக்காமல் ஒரு தகட்டு மறைப்பு போட்டு, ஒயர் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் தொப்பி.

மின்சாரப் பக்கத்தில் உஸ்தாத் பம்பை நேரே சாவியோடு இணைத்திருந்தார். சாவி திறந்திருக்கும் வரை பம்ப் ஓடும். வண்டி எங்காவது மோதி எஞ்சின் அணைந்து, குழாயும் உடைந்திருந்தால்? பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலைத் தெருவில் ஊற்றிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியே ரிலே வழியாகப் பம்பை ஆளும்படி மாற்றினோம். சாவியைத் திருப்பினால் சுமார் இரண்டு விநாடி ஓடிப் பிரஷர் ஏற்றி நிற்கும். எஞ்சின் சுழல்வது தெரிந்தால்தான் மறுபடி ஓடும். அதற்கு மேல் காப்பாக, மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்ச். தனி ஃப்யூஸ். ஒயரையும் தடிமனாகப் போட்டோம். முன்பு பம்பின் முனையில் அளந்தபோது பத்தரை வோல்ட்தான் வந்தது. பாதி ஊளைக்கு அதுவும் காரணம். மாற்றிய பிறகு பதின்மூன்று.

எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சோதனை. திறந்த வெளியில், தீயணைப்பான், மணல் வாளி சகிதம். திரும்பும் குழாயைக் கழற்றி அளவுக் குடுவையில் விட்டு, தூரத்தில் ரிலே முனையில் மின்சாரம் கொடுத்து முப்பது விநாடி ஓட்டினோம். 720 மில்லி, மணிக்கு எண்பத்தாறு லிட்டர். ஆலையிலிருந்து எடுத்துவந்த கேஜை மாட்டினோம். ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றினால் மூன்று கிலோ. மாட்டி ஐடிலில் ஓட்டினால் இரண்டரை. அணைத்த பிறகும் முள் உடனே விழவில்லை. ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். காகிதம் காய்ந்தே இருந்தது. மறுநாள் கால் டேங்க் பெட்ரோலோடு நான் மட்டும் சேது வளைவில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். விக்கவில்லை.

காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. நான் எஞ்சினை மாட்டுவதற்கு முன்பே ரசீது நகலுடன் மனுக் கொடுத்து அனுமதி வாங்கி, பிறகு புது எஞ்சின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே பெட்ரோல் என்பதால் வேலை நடந்தது. இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. இன்று யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மோட்டார் வாகன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். என் பேச்சை நம்பி இறங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

உத்தரபாரா ஆலை 2014 மே மாதம் மூடிவிட்டது. அதற்குப் பிறகு சாமான் தேடுவது மேலும் கஷ்டம். இப்போது புதிதாக ஒரு கவலை, பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரையும் கார்க் கேஸ்கெட்டையும் பதம் பார்க்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர் ஈரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023-ல் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றினேன். அப்போது கழற்றிய தகட்டு கேஸ்கெட் கையில் புட்டு மாதிரி உதிர்ந்தது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் டேங்கை நிரப்பி வைக்கிறேன்.

அன்று, 2012 ஜூலையில், சேதுவிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து அம்மாவை அழைத்தேன். மனைவிதான் முதலில் ஏறி உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் மோப்பம் பிடித்துவிட்டு, "வாங்க அத்தை, ஒண்ணுமில்லை" என்றாள். கங்கைக் கரை வரை போய் வந்தோம். அம்மா வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்:

"நோட்டுல எழுதினியோ?"

எழுதியிருக்கவில்லை. அப்பா போனதிலிருந்து யாரும் எழுதவில்லை. அன்று ராத்திரி நீல அட்டை நோட்டை எடுத்து, அவருடைய கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் பதினெட்டு லிட்டரும் எழுதினேன். அந்த நோட்டு 2017-ல் தீர்ந்துபோயிற்று. இப்போது ஓடுவது இரண்டாவது நோட்டு; அட்டை பச்சை, நீலம் கிடைக்கவில்லை.